பயனாளியின் முகம்

அந்தப் படத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது, ஒரு முகத்தைத் தவிர.

மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரின் எழுத்துகள் தெளிவு. மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலின் நீல மூடி தெளிவு. பட்டாவை நீட்டும் அதிகாரி கேமராவைப் பார்த்தபடி, சட்டைப் பையில் செருகிய பேனா வரை தெளிவாக இருந்தார். அதை வாங்கிக்கொள்ளும் பெண்ணின் முகம் மட்டும், ஈரக் கை பட்ட எழுத்து மாதிரிக் கலைந்திருந்தது.

மணி ஐந்து நாற்பது. ஆறு மணிக்குள் படங்களும் செய்திக்குறிப்பும் பத்திரிகைகளுக்குப் போயாக வேண்டும். மடியில் பதினோரு மாதக் குழந்தை. பல் முளைக்கிற காய்ச்சல். என் குர்தாவின் தோள்பட்டையை ஈறால் கடித்துக்கொண்டே சிணுங்கினாள். இடது கையால் அவள் முதுகைத் தட்டிக்கொண்டு வலது கையால் மவுஸை நகர்த்தினேன்.

பிரசவத்துக்குப் பிறகு வேலை தேடி அலைந்ததைச் சென்ற வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். கிடைத்தது இந்த வேலைதான். இதில் நான் செய்த ஒரு காரியத்தை என் கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. முதலில் உங்களிடம் சொல்வது சரியா என்று தெரியவில்லை. எழுத ஆரம்பித்துவிட்டேன்.

ஏழாவது மாடியில் ஒரு செய்திப் பிரிவு

நாங்கள் இருப்பது வானகரத்தில், பைபாஸ் தெரிகிற ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. நான் படித்தது இதழியல். அரசு நிகழ்ச்சிகளின் படங்களைப் பத்திரிகைகளுக்குத் தயார் செய்து கொடுக்கும் ஒரு சின்ன ஒப்பந்த நிறுவனத்தில், வீட்டிலிருந்தே வேலை. ஆவடி, பூந்தமல்லி, திருமழிசை என்று எங்கே விழா நடந்தாலும் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழும். நான் பொறுக்கி, ஓரம் வெட்டி, வெளிச்சம் கூட்டி, ‘இடமிருந்து வலமாக’ என்று படக்குறிப்பு எழுதி அனுப்புவேன்.

விழாப் படங்கள் மட்டுமல்ல. கால்வாய் தூர் வாரியதற்கு ஒரு படம், கொசு மருந்து அடித்ததற்கு ஒரு படம், கிருமிநாசினி தெளித்ததற்கு ஒரு படம். எல்லாவற்றின் கீழேயும் இடமும் நேரமும் அட்சரேகையும் பொறித்திருக்கும். கால்வாய் ஓரத்தில் கையில் மண்வெட்டியோடு விறைப்பாக நிற்கும் மனிதர்களைப் பார்த்தால், வேலை செய்ததைவிட நின்றதற்குத்தான் அவர்கள் அதிகம் களைத்திருப்பார்கள் என்று தோன்றும். முன்பெல்லாம் வேலை நடந்தால் படம் எடுப்பார்களாம். இப்போது படம் இருந்தால்தான் வேலை நடந்ததாக அர்த்தம்.

ஒரு நாளைக்கு இருநூறு முகங்களாவது பார்த்துவிடுவேன். ஆனால் வாய் திறந்து பேசுவது பாப்பாவிடம் மட்டும். அவள் பதிலுக்கு ‘த்தா’ என்பாள்.

கணவர் ஐ.டி. நிறுவனத்தில் இருக்கிறார். நாலு மாதமாக வெளிநாட்டில். தினமும் வீடியோவில் வருவார். அலுவலகப் பழக்கத்தில் பின்னணியை மங்கலாக்கிவிட்டுத்தான் பேசுவார். அவர் தூங்குகிற கட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது, ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்கலாம் என்று நினைத்தேன். சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று விட்டுவிட்டேன்.

பொத்தான்

படம் அனுப்பியவர் சம்பத். பூந்தமல்லிக்காரர். என் வயதுதான் இருக்கும். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. மெட்ரோ வேலைக்காக அடைத்த சாலையில் பைக்கில் மாட்டிக்கொண்டு, ஹாரன் சத்தத்துக்கு நடுவே குரல் பதிவு அனுப்புவார். “மேடம், அஞ்சு போட்டோ போட்ருக்கேன். பேரு பின்னால வருது. காலைல ஆவடி, மத்தியானம் திருமழிசை, இப்ப பூந்தமல்லில ஒண்ணு கீது. சோறு துன்ன டயம் இல்ல.”

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது நசுங்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அப்படியே வரும். இது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அவசரத்தில் எல்லாரும் மறப்பதும் இதுதான். அன்று சம்பத் மறந்திருந்தார். அந்தப் பெண் வேறு தலையை அசைத்திருக்கிறார். இரண்டும் சேர்ந்து முகம் போய்விட்டது.

அவரை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். ஐந்து நாற்பத்தைந்து. பாப்பா வீறிட ஆரம்பித்தாள்.

நான் பயன்படுத்தும் மென்பொருளில் ‘முகத்தைத் தெளிவாக்கு’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதிகாரிகளின் முகத்தில் நிழல் விழுந்திருந்தால் லேசாகத் தட்டுவேன். எங்கள் ஒருங்கிணைப்பாளர் மேகலா மேடம், “உங்க படம் எல்லாம் பளிச்சுன்னு இருக்கு” என்று ஒருமுறை பாராட்டியிருந்தார். அந்தப் பாராட்டை இரண்டு மாதம் வைத்துக்கொண்டு வாழ்ந்தேன்.

தட்டினேன்.

நான்கு நொடியில் முகம் வந்தது. வரிசையான பற்கள். நிறைவான சிரிப்பு. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு இருக்கவேண்டிய கண்ணோரச் சுருக்கம்கூட அளவாக இருந்தது. ஒரு நொடி, ‘இவர் இவர்தானா’ என்று தோன்றியது. அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. பார்த்திராத ஒருவரின் முகம் சரியாக இருக்கிறது என்று நானே முடிவு செய்து, ‘திருமழிசையில் நடைபெற்ற நிகழ்ச்சியில் பயனாளி அமுலுவுக்கு வீட்டுமனைப் பட்டா வழங்கப்பட்டது’ என்று குறிப்பு எழுதி அனுப்பினேன்.

மறுநாள் அந்த ஒரு படம்தான் பத்திரிகையில் பெரிதாக வந்தது.

பாப்பாவின் புகைப்படம்

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பாப்பாவுக்கு ஆதார் எடுக்க ஆவடிக்குப் போயிருந்தேன். அப்போது அவள் ஐந்து மாதக் குழந்தை. இயந்திரத்துக்கு அவள் கேமராவைப் பார்க்கவேண்டும். அங்கிருந்த பெண் சாவிக் கொத்தை ஆட்டினாள், விசில் அடித்தாள், கடைசியில் தன் வளையலைக் கழற்றி உருட்டினாள். பாப்பா வளையலைத்தான் பார்த்தாள். அழுவதற்கு ஒரு விநாடி முன்னால் உதடு பிதுங்கிய முகம்தான் அட்டையில் விழுந்திருக்கிறது.

அட்டை வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைப் பார்த்து வருத்தப்பட்டேன். அழகான படம் எவ்வளவோ இருக்கிறதே என்று. அதே பொத்தானைத் தட்டிப் பார்த்தேன். உதடு சரியானது. ஒரு குழந்தை வந்தது. நல்ல குழந்தை, என் குழந்தை இல்லை. உடனே அழித்துவிட்டேன்.

அதாவது எனக்குத் தெரிந்திருந்தது. அமுலுவின் படத்தில் அந்தப் பொத்தானைத் தட்டும்போது அது என்ன செய்யும் என்று எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. இதை எழுதாமல் விட்டால் மீதி எல்லாம் பொய்யாகிவிடும்.

கண் டாக்டர்

பத்திரிகையில் வந்த மறுநாள், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மேகலா மேடம் எழுதினார்: ‘சம்பத், படம் மாறிப்போச்சா? பேப்பர்ல இருக்கிறது நான் இல்லைன்னு பயனாளி ஆபீசுக்கே வந்திருக்காங்க. இந்த வாரம் நிகழ்ச்சிக்கெல்லாம் வேற ஆள் போகட்டும்.’

சம்பத் குரல் பதிவு போட்டார். “மேடம், சத்தியமா நா அந்தம்மாவத்தான் எடுத்தேன். மேடைல வேற பொம்பளயே இல்ல.” அசல் படம் இருந்தால் அனுப்பச் சொன்னார் மேகலா மேடம். இப்போது ரீல்ஸ் வேறு கேட்கிறார்கள், அதனால் அதே மெமரி கார்டில்தான் வீடியோவும் எடுக்கவேண்டியிருக்கிறது. பூந்தமல்லி நிகழ்ச்சிக்கு முன்னால் கார்டு நிறைந்து, அதை அழித்துவிட்டிருந்தார். மிச்சம் இருந்தது எனக்கு வந்த நசுங்கிய படம் ஒன்றுதான்.

நான் ‘படம் மாறவில்லை மேடம்’ என்று தட்டினேன். அழித்தேன். ‘என் பக்கம் ஒரு சிறு திருத்தம்’ என்று தட்டினேன். அழித்தேன். இந்த வேலையும் போய்விட்டால் பகல் முழுவதும் என்ன செய்வேன் என்று பயமாக இருந்தது. ஒரு மனிதரின் பிழைப்பு போவதைப் பார்த்துக்கொண்டு, என் பகல் பொழுதைப் பற்றிக் கவலைப்பட்டேன். இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள் காலையில் சம்பத்தே அழைத்தார்.

“மேடம், ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனச்சுக்காதீங்க.”

“சொல்லுங்க சம்பத்.”

“நா அனுப்புன போட்டோவும் பேப்பர்ல வந்ததும் ஒண்ணுதான். சாரு அவருதான். பொடவ அதுதான். கை அதுதான். மூஞ்சி மட்டும் எப்டி மேடம் மாறும்?”

சொல்லிவிட்டேன். பொத்தானைப் பற்றி, பாப்பாவின் காய்ச்சலைப் பற்றி, அவருக்கு இரண்டு தடவை அழைத்ததைப் பற்றி. கடைசி இரண்டையும் சொல்லியிருக்க வேண்டாம்.



“சாஃப்ட்வேரா?” என்றார். “நா இன்னாவோ என் கண்ணுதான் அவுட்டுன்னு நெனச்சிகினு நேத்து கண் டாக்டராண்ட போய்ட்டு வந்தேன் மேடம். ஏ, பி, சி, டி எல்லாம் கரெக்டா படிச்சேன். டாக்டரு, ‘கண்ணு சூப்பரா கீது, உனக்கு இன்னா பிரச்சன’ன்றாரு. என் பொண்டாட்டி, ‘யாரப் பாத்து யார எடுத்துகினு வந்த’ன்னு கேட்டுகினே கீறா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

போனை வைத்ததும் குழுவில் எழுதினேன். அரைப் பக்கத்துக்கு. மென்பொருளால் முகத்தை மாற்றியது நான், சம்பத் மேல் தவறில்லை என்று.

மேகலா மேடம் கட்டைவிரல் குறி போட்டார். பிறகு தனியாக ஒரு செய்தி வந்தது: ‘சம்பத்தைத் திரும்பப் போட்டாச்சு. விடுங்க. படம் நல்லாத்தான் வந்திருக்கு, சாருக்கும் பிடிச்சிருக்கு. இனிமே பயனாளி முகத்தைத் தொடாதீங்க. சார் முகம் மட்டும் பண்ணுங்க.’

வேலை போகவில்லை. நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

சாயங்காலம் சம்பத் மறுபடி அழைத்தார். “என்னத் திரும்பச் சேத்துகினாங்க மேடம். அந்த அமுலு அம்மாவ இன்னா பண்றது? ‘போட்டோ எங்க வரும்’னு கேட்டுச்சுன்னு என் நம்பர் குடுத்துட்டேன். தெனம் நாலு வாட்டி போன் அடிக்குது. நா சொன்னா நம்பாது. நீங்களே ஒருவாட்டி போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க.”

திருமழிசை

பாப்பாவை நெஞ்சோடு கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பூந்தமல்லியில் இறங்கி மாற வேண்டியிருந்தது. இரண்டாவது பஸ்ஸில் ஓர் அம்மா கேட்காமலேயே என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒருவர் என்னிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டது அப்போதுதான். திருமழிசை வருவதற்குள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்து. லேத் பட்டறைகளில் இரும்பு சீவுகிற சத்தமும் கருகிய எண்ணெய் வாடையும். அமுலு அம்மா அங்கே ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். மத்தியான ஷிப்ட் முடிந்து வந்திருந்தார்.

அவரைப் பார்த்ததும் முதலில் மூக்கைத்தான் பார்த்தேன். இரண்டு பக்கமும் மூக்குத்தி. மென்பொருள் அவற்றைத் தூசி என்று நினைத்து எடுத்திருக்கிறது. முன்பல் ஒன்று இல்லை. இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய ஒரு பழைய தழும்பு. பத்திரிகையில் இருந்த பெண்ணுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

“இன்னாம்மா, பச்சக் கொழந்தய தூக்கினு இந்த வெயில்ல வந்துகீற” என்றார். தண்ணீர் கொடுத்தார். பிறகு பிளாஸ்டிக் கவரிலிருந்து நான்கு பத்திரிகைகளை எடுத்து என் முன்னால் வைத்தார். நான்கும் ஒரே பத்திரிகை, ஒரே நாள், ஒரே பக்கம்.

“என் பொண்ணு வனிதா ஓசூர்ல கம்பெனில கீறா. மின்ன ஒருத்தன் டூப்ளிகேட்டு பட்டா குடுத்து எங்கள ஏமாத்திட்டான். இந்தவாட்டி பேப்பர்லயே வந்துச்சேன்னு அவளுக்கு அனுப்பிவுட்டேன். அவ இன்னா சொல்றா தெரியுமா? ‘யம்மா, உன் பேர வச்சிகினு வேற ஒருத்தி வாங்கினு போய்ட்டா. அசலு அவகிட்ட கீது, உன்கிட்ட கீறது டூப்பு’ன்றா. இந்தத் தெருவே அதத்தான் சொல்லுது. வூட்டுக்குக் கடக்கால் தோண்ட ஆள் சொல்லி வச்சிருந்தேன். வராதன்னுட்டேன்.”

என் போனில் இருந்த நசுங்கிய படத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பத்திரிகையைப் பார்த்தார்.

“அப்போ இவ யாரு?”

“யாரும் இல்லைம்மா.”

“யாரும் இல்லாம எப்டி மூஞ்சி வரும்?”

“நிறையப் பேரோட முகத்தைப் பார்த்து, கம்ப்யூட்டர் அதுவா ஒண்ணு வரைஞ்சுடுது.”

“என்னக் கேக்காமயா?”

“கேட்கலைம்மா. நானும் கேட்கலை.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பத்திரிகையில் இருந்த பெண்ணின் முகத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். அச்சு மை ஒட்டியது.

“வேணும்னா பட்டாவோட உங்களை இப்ப ஒரு படம் எடுத்துத் தரேன்மா” என்றேன்.

“மேடைல நின்னது ஒருவாட்டிதான். இந்தச் சந்துல நின்னா அதாயிடுமா” என்றார். பத்திரிகைகளைக் கவருக்குள் திரும்ப வைத்தபடி, “என்கிட்ட சொன்னத என் பொண்ணாண்ட சொல்லு. என் போன்ல பேசுனா நான் சொல்லிக்குடுத்தேன்னுவா. உன் போன்லேர்ந்து அடி.”

அடித்தேன். வனிதா எடுத்ததும் சந்தேகமாகத்தான் பேசினாள். “நீங்க யாருங்க? எங்கம்மா இப்டிப் பேசச் சொல்லிச்சா?”

முதலிலிருந்து சொன்னேன். மாற்றாத படம் என்னிடம் இருக்கிறது, முகம் கலைந்திருக்கிறது, ஆனால் நிற்பது உன் அம்மாதான் என்றேன். பச்சைப் புடவை, மஞ்சள் கரை, இடது கையில் ஒரு துணிப்பை என்றேன். எத்தனையோ படக்குறிப்பு எழுதியிருக்கிறேன். ஒரு படக்குறிப்பை வாயால் சொல்லி ஒருவரை நம்பவைக்க முயன்றது அதுதான் முதல் தடவை.

“பச்சப் புடவை பேப்பர்லயும்தான் கீது” என்றாள். “அந்தப் பொம்பள பல்லு தெரியச் சிரிக்கிறா. எங்கம்மா போட்டோன்னா வாயத் தொறக்கவே தொறக்காது. உங்க ஒரிஜினல்ல அது சிரிக்குதா?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கலங்கலில் வாயின் வடிவம் மட்டும் தெரிந்தது. உண்மையைச் சொல்வதா, அவள் நம்புகிற மாதிரிச் சொல்வதா என்று ஒரு கணம் தடுமாறினேன்.

“இல்லைம்மா. சிரிக்கலை. ஆனா வாய் திறந்திருக்கு. என்னவோ பேசிட்டு இருக்காங்க.”

“மேடைலயா? இன்னா பேசுது?”

ஸ்பீக்கரைப் போட்டு அமுலு அம்மாவைப் பார்த்தேன்.

“இன்னா பேசுவேன்? ‘சார், நம்பரு எல்லாம் செரியா கீதா, ஒருவாட்டி நல்லா பாரு சார், மின்ன ஒருத்தன் ஏமாத்திட்டான்’னு கேட்டேன். அவரு உதட்ட அசைக்காம, ‘கேமராவப் பாரும்மா’ன்னாரு. நா ‘கேமராவ அப்பறம் பாக்கறேன், நீ மொதல்ல பேப்பரப் பாரு’ன்னேன்.”

  போனில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“அவ்ளோ பெரிய ஆபீசராண்ட மேடைலயே கேட்டுச்சா?” என்றாள். “அப்போ அது எங்கம்மாதான்.”

அமுலு அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். ஸ்பீக்கரை நிறுத்தத் தெரியாமல், அப்படியே காதில் வைத்துக்கொண்டு பேசினார். கடக்கால் எத்தனை அடி, கொத்தனாரை எந்தக் கிழமை வரச் சொல்வது, வனிதா லீவு கிடைத்து வருவாளா, வரும்போது யாருக்கு என்ன வாங்கிக்கொண்டு வரவேண்டும். நடுவில் இருவரும் ஏதோ ஒரு சித்தியைத் திட்டினார்கள். என்னை மறந்துவிட்டார்கள்.

நான் பட்டறை ஷட்டரின் நிழலில், தூங்கிப்போன பாப்பாவைத் தாங்கியபடி நின்றேன். என் போனில் அவ்வளவு நேரம், அவ்வளவு சத்தமாக யாரும் பேசிக் கேட்டதில்லை. போனைத் திருப்பிக் கேட்க மனம் வரவில்லை.